பிரஷர் நார்மல் என்றார்கள்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் படித்தேன். பார்த்துக்கொண்டிருந்த சொல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குச் சற்று மேலே, முந்தைய வரியில், இரண்டு மூன்று சொற்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. கறுப்பாக எதுவும் தெரியவில்லை. தாளின் வெள்ளை அப்படியே பரவி அந்த இடத்தை நிரப்பியிருந்தது. கையை எடுத்தேன். சொற்கள் திரும்பி வந்தன.

அப்போது எனக்கு வயது 46. தூசியின் வேலையாக இருக்கும் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், படிக்கும் கண்ணாடிக்காகப் போன இடத்தில் காற்றை ஊதும் கருவியை வைத்துக் கண்ணழுத்தம் பார்த்திருந்தார்கள். வலது கண்ணில் 15, இடது கண்ணில் 16. "பிரஷர் நார்மல், கவலையே இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். கண்ணின் பாவையை விரித்து உள்ளே நரம்பைப் பார்க்கவில்லை. குடும்பத்தைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்துவிட்டேன். இன்று என்னிடம் இல்லாத பார்வையில் ஒரு பங்கு அந்த இரண்டு ஆண்டுகளில் போனது.

பிறகு ஒரு கண் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா என்ற கண் நோய் உண்டா?" என்றார். இல்லை என்றேன். அத்துடன் விடாமல், "சரி, யாருக்காவது வயதான காலத்தில் பார்வை மங்கியதா? நடக்கும்போது எதிலாவது இடித்துக்கொள்வார்களா?" என்று கேட்டார். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. கடைசி ஆண்டுகளில் அவர் படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டேதான் இறங்குவார். பக்கத்தில் வந்து நின்றாலும் கவனிக்க மாட்டார். வயதாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்கு என்ன நோய் என்று யாரும் பார்த்ததே இல்லை. குடும்பத்தில் இந்த நோய் இல்லை என்று சொல்கிற பல வீடுகளில், உண்மையில் யாரும் சோதித்துப் பார்க்காமல்தான் இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பாவையை விரித்து, ஒரு சிறிய லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர் ஒரு தாளில் வட்டம் ஒன்றை வரைந்தார். உள்ளே இன்னொரு சிறிய வட்டம். விழித்திரையிலிருந்து வரும் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் ஒன்றுசேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் இடம்தான் அந்தப் பெரிய வட்டம். இழைகள் எல்லாம் விளிம்பை ஒட்டி இறங்குவதால் நடுவில் இயல்பாகவே ஒரு சிறு குழி இருக்கும். மருத்துவர்கள் அதைக் 'கப்' என்கிறார்கள். இழைகள் சாகச் சாகக் குழி அகலும். எனக்கு இடது கண்ணில் அந்தக் குழி வட்டத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. விளிம்பில் தீற்றலாக ஒரு சிறு ரத்தக் கசிவும் இருந்தது. கிளாக்கோமா என்றார்.

அன்றைக்கும் என் கண்ணழுத்தம் 16தான்.

எனக்கு இது புரியவே இல்லை. கிளாக்கோமா என்றால் கண்ணில் பிரஷர் ஏறும் நோய் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? தமிழில்கூடக் கண் நீர் அழுத்த நோய் என்றுதான் எழுதுகிறோம். நானே பல பக்கங்களில் அந்தச் சொல்லுக்கு ஒற்றுப்பிழை திருத்தியிருக்கிறேன். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: இது நரம்பின் நோய். அழுத்தம் அதை வளர்க்கும் காரணங்களில் முக்கியமானது. நம்மால் மாற்ற முடிந்தது இப்போதைக்கு அது ஒன்றுதான். 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால் நார்மல் என்பது, நோயில்லாத நிறையப் பேரின் அளவுகளை எடுத்து வகுத்த புள்ளியியல் எல்லை. அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லா நரம்பும் பத்திரமாக இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஜப்பானில் தாஜிமி நகரில் மக்களிடையே நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா (கண்ணின் நீர் வடியும் வழி மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும் வகை) இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. எல்லா மக்களிடமும் விகிதம் இவ்வளவு இருக்காது. ஆனால் ஓர் எண்ணை மட்டும் பார்த்து ஆளை அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

அப்புறம் அந்த எண்ணே முழு உண்மை சொல்வதில்லை. கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியாவை அழுத்தித்தான் இந்த அளவை எடுக்கிறார்கள். படலம் தடிமனாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், மெல்லியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். அதன் சராசரித் தடிமன் ஏறக்குறைய 540 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). எனக்கு 488. ஆக, என் 16 உண்மையில் 16ஆக இருந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவில் அழுத்தம் மட்டும் கூடியிருந்த 1,636 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2002இல் வந்தன. கார்னியா மெல்லியதாக இருப்பவர்களுக்கு கிளாக்கோமா வரும் ஆபத்து அதிகம் என்பது அதில்தான் உறுதியானது. அதற்குப் பிறகுதான் இந்தத் தடிமனை அளப்பது வழக்கமாகப் பரவியது. கண்ணாடி வேண்டாம் என்று லேசர் செய்துகொண்டவர்களுக்கு இந்தப் படலம் மெல்லியதாகிவிடும். அழுத்தம் பார்க்கும் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

அன்றே எடுத்த இன்னொரு சோதனை ஓசிடி. ஒளியைக் கொண்டு விழித்திரையின் நரம்பு அடுக்கை மைக்ரான் கணக்கில் அளக்கும் ஸ்கேன் அது. 1991இல் அறிமுகமான நுட்பம். சில நொடிகளில் முடிந்துவிடும், நோயாளி செய்ய வேண்டியது அசையாமல் இருப்பது மட்டும்தான். இயல்பைவிட மெலிந்த இடம் படத்தில் சிவப்பாகத் தெரியும். என் இடது கண்ணின் கீழ்ப்பக்க நரம்படுக்கு சிவப்பாகக் கிடந்தது. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே நரம்பு போனால் மேலே பார்வை போகும். நான் படித்த சொல்லுக்கு மேலே வரி காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஃபீல்டு டெஸ்ட் எனப்படும் பார்வைப் புலச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நோயாளியின் பங்கு அதிகம் இருக்கும் சோதனை அதுதான், முதல் முறை நான் மிக மோசமாகச் செய்ததும் அதைத்தான். ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவிலுள்ள விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சிறிய ஒளிப்புள்ளிகள் வந்து போகும். தெரியும்போது பொத்தானை அழுத்த வேண்டும். நான் பயந்துவிட்டேன். நீண்ட நேரம் ஒன்றும் தெரியவில்லையே, பார்வை இவ்வளவா போய்விட்டது என்று பதறி, தெரிந்த மாதிரி இருந்ததற்கெல்லாம் அழுத்தினேன். நடு விளக்கை விட்டுக் கண் அலைந்தது. நம்பத்தகாத சோதனை என்று முடிவு வந்தது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று இரண்டாம் முறை ஒரு தொழில்நுட்பப் பணியாளர் விளக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. புள்ளி தெரிந்தால் அடுத்த முறை அதே இடத்தில் ஒளியை மங்கலாக்கிக் காட்டும். தெரியாத வரைக்கும் மங்கிக்கொண்டே போகும். தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவிலுள்ள எல்லையைத் தேடுவதுதான் அதன் வேலை. ஆகவே நல்ல கண் உள்ளவருக்கும் நிறையப் புள்ளிகள் தெரியாமல்தான் போகும். தெரியவில்லை என்றால் அழுத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். களைத்துப்போனால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் சோதனை நிற்கும். விட்டால் தொடரும். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அப்படி நடுங்கியிருக்க மாட்டேன். இப்போதெல்லாம் முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டுத்தான் போகிறேன். சோதனை நாளில் வேறு அவசர வேலை வைத்துக்கொள்வதில்லை. இயல்பாக இமைக்கிறேன். முதல் ஒன்றிரண்டு சோதனைகள் பழகுவதற்கே போய்விடும் என்பதால், ஒரே ஒரு மோசமான தாளைப் பார்த்து யாரும் இடிந்துபோக வேண்டாம்.

எனக்குச் செய்த வழக்கமான சோதனையில் 54 இடங்களைப் பார்க்கிறார்கள். புள்ளிக்குப் புள்ளி 6 டிகிரி இடைவெளி. என் பழுது நடுப்பார்வைக்கு மிக அருகில் இருந்ததால் அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொண்டு, ஏதோ சின்ன மங்கல் போலத்தான் காட்டியது. 2 டிகிரி இடைவெளியில் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும் 10-2 என்ற சோதனையைச் செய்த பிறகுதான் அதன் உண்மையான ஆழம் தெரிந்தது. படிக்கும்போது எழுத்து விடுபடுகிறது என்று நீங்கள் உணர்ந்தால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தச் சோதனை வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியம் மாற்றிவிடலாம்.

கிளாக்கோமா வந்தவருக்கு உலகம் கறுப்புக் குழாய் வழியே பார்ப்பது போலத் தெரியும் என்று விழிப்புணர்வுப் படங்களில் போடுகிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, உங்கள் பார்வை இதில் எதைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். கறுப்புக் குழாயையோ கறுப்புத் திட்டுகளையோ ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. சில இடங்கள் மங்கலாக இருக்கிறது, சில பொருள்கள் காணாமல் போகின்றன, பார்வையில் எந்தக் குறையும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். என் அனுபவமும் அதுதான். ஒரு கண் விட்டதை இன்னொரு கண் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் விட்டதை மூளை நிரப்பிவிடுகிறது. கறுப்பு வரும்வரை காத்திருப்பவர் ஏமாந்துபோவார் என்பதால் அந்தப் படங்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

சிகிச்சை தொடங்கியது. இரவில் ஒரு சொட்டு லாட்டனோபிராஸ்ட். 16ஐ 11 அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர் இலக்கு வைத்தார். ஏற்கெனவே நார்மலாக இருப்பதை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். என்னைப் போல அழுத்தம் இயல்பாக இருந்தும் நோய் வந்தவர்களிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொன்னார். அழுத்தத்தை 30 சதவீதம் குறைத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது, குறைக்காமல் விட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு முற்றியது. கூடவே, "சிகிச்சை இல்லாமலே பலருக்கு அந்தக் காலத்தில் முற்றவில்லை. சிகிச்சை எடுத்தும் சிலருக்கு முற்றியது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும்" என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் நான் நேர்மையாக இல்லை.

சொட்டு மருந்து போட்டால் எந்த மாற்றமும் தெரியாது. போடாவிட்டாலும் தெரியாது. இந்த நோயின் பெரிய கொடுமை இதுதான். கண் சிவந்தது, இமை ரோமம் நீண்டது, அவ்வளவுதான் நான் கண்ட பலன். பின்னிரவு வரை பக்கம் திருத்திவிட்டு அப்படியே படுத்துவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் தவறியது, பிறகு நான்கு நாள் ஆனது. மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்கினால் மட்டும் ஒரு வாரம் ஒழுங்காகப் போடுவேன். அங்கே அழுத்தம் அழகாக 11, 12 என்று வரும். அவரும் மகிழ்வார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் ஓசிடியிலும் புலச் சோதனையிலும் நோய் நகர்ந்திருந்தது. மருத்துவர் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "அழுத்தம் இலக்கில்தானே இருக்கிறது, பிறகு ஏன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 11லும் நரம்பு தாங்கவில்லை என்றால் அறுவை சிகிச்சைதான் என்று விளக்கத் தொடங்கினார். கண்ணின் நீர் வெளியேறப் புதுவழி அமைக்கும் டிராபெக்குலெக்டமி. நான் தலையாட்டிவிட்டு எழுந்து கதவுவரை போனேன். கைப்பிடியில் கை வைத்த பிறகு என்னால் முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "டாக்டர், நான் மருந்து ஒழுங்காகப் போடவில்லை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "இதைச் சொன்னதற்கு நன்றி. இல்லாவிட்டால் உங்களுக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சையை நான் செய்திருப்பேன்" என்றார். பிறகுதான் தெரிந்தது, நான் தனி ஆள் இல்லை என்று. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சொட்டையும் பதிவு செய்யும் கருவியும் கொடுத்தார்கள். பதிவாகிறது என்று அவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஏறக்குறைய 45 சதவீதம் பேர், போட வேண்டியதில் முக்கால் பங்குகூடப் போடவில்லை. மருத்துவர் நம்மை எப்போதோ ஒரு நாள், ஒரு நிமிடம்தான் அளக்கிறார். மீதி நாட்களைப் பற்றி அவருக்குத் தெரிவது நாம் சொல்வது மட்டும்தான்.

மருந்து போடுவதில் தவறுகிறவர் என்று தெரிந்ததால் பேச்சு லேசருக்குத் திரும்பியது. எஸ்எல்டி என்பார்கள். கண்ணின் நீர் வடியும் சல்லடைப் பகுதியில் லேசரை மெல்லத் தொட்டு, வடிகாலைச் சீராக்கும் முறை. பிரிட்டனில் புதிதாகக் கிளாக்கோமாவோ கூடுதல் கண்ணழுத்தமோ தெரிந்த 718 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. என்னைப் போல அழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்குப் பலன் சிறிதாகத்தான் இருக்கும், சில ஆண்டுகளில் தேயவும் கூடும் என்று முன்பே சொல்லிவிட்டார். மரத்துப்போகும் சொட்டு போட்டு, கண்மேல் ஒரு லென்ஸை வைத்தார்கள். பச்சை மின்னல்களும் சிறு சொடுக்கு ஓசையும், சில நிமிடங்களில் முடிந்தது. வலி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இரண்டு நாள் கண் உறுத்தியது. சில வாரங்களில் மருந்தில்லாமலே 13க்கு வந்தது. மருந்தும் சேர்ந்ததும் 11. இந்த முறை அது உண்மையான 11.

மருந்துக்கு நேரத்தையும் மாற்றினேன். படுக்கும் நேரம் என்பது எனக்கு நிலையில்லாதது. இரவில் பல் துலக்கும் நேரம் நிலையானது, அதனால் சீசா இப்போது பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கீழ் இமையை இழுத்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. சீசாவின் முனை கண்ணில் படக் கூடாது. கண்ணில் ஒரு சொட்டுகூட முழுதாகத் தங்காது என்பதால் இரண்டு சொட்டு விட்டால் மருந்துதான் வீண். விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தில் விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கேதான் கண்ணீர்க் குழாயின் வாய் இருக்கிறது. அழுத்தாவிட்டால் மருந்து மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். இரண்டு மருந்து போடுகிறவர்கள் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். டிமோலால் போன்ற சொட்டு மருந்து இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம், இதயத் துடிப்பைக் குறைக்கலாம். கண்ணில்தானே போடுகிறோம் என்று மற்ற நோய்களை மறைக்கக் கூடாது. தலைகீழாக நிற்கும் ஆசனத்தையும் விட்டுவிட்டேன், அந்த நிலையில் கண்ணழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கண் அரிப்புக்கு முன்பு எப்போதோ எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டை மறுபடி மறுபடி வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் இப்போது நானே தடுத்துவிடுகிறேன். அது சிலருக்கு அழுத்தத்தை ஏற்றி, சத்தமில்லாமல் நரம்பைக் கெடுக்கும்.

போன பார்வை திரும்புமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் தேடித் தேடிப் படித்தேன். நரம்பைக் காக்கும் என்று எதிர்பார்த்த மெமான்டின் மாத்திரையை 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். பலனில்லை என்ற முடிவு 2018இல் வெளியானது. 2017இல் வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த நிகோடினமைடு எலிகளில் நரம்பைக் காத்ததாகச் செய்தி வந்தபோது, அன்றிரவே வாங்கி விழுங்கத் துடித்தேன். மனிதரிடம் பெரிய அளவில் சோதனைகள் நடக்கின்றன, அதிக அளவில் எடுத்தால் கல்லீரல் கெடலாம், முடிவு வரும்வரை பொறுங்கள் என்றார் மருத்துவர். 2020இல் எலிகளின் விழித்திரை நரம்புச் செல்களில் மூன்று மரபணுக்களைச் செலுத்தி, செல்களை இளமை நிலைக்குத் திருப்பி, கிளாக்கோமாவில் இழந்த பார்வையின் ஒரு பகுதியை மீட்டதாக ஒரு கட்டுரை வந்தது. அதை நான் அச்சிட்டு வைத்திருக்கிறேன். நம்பிக்கை இருக்கிறது. ஆனால் போன நரம்பை இன்று மனிதரிடம் மீட்டுத் தருவதாகச் சொல்கிறவரிடம் நான் கண்ணைக் கொடுக்க மாட்டேன். இருக்கிற நரம்போடு அந்த நாள்வரை போய்ச் சேர வேண்டும்.

லேசருக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. தாள்களை எல்லாம் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். மருத்துவர் மாறினாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் வேண்டும். அது இல்லாவிட்டால் நோய் நின்றிருக்கிறதா நகர்கிறதா என்று புதியவரால் சொல்லவே முடியாது. கடைசி ஆறு சோதனைகளில் இடது கண்ணின் அந்தப் பள்ளம் அதே அளவில் இருக்கிறது. மெய்ப்பை இப்போது தாளைச் சற்றுச் சாய்த்து, வரிக்கு மேல் ஓர் அட்டையை நகர்த்திக்கொண்டு படிக்கிறேன். நேரம் கூடுதலாகிறது.

அக்காவைச் சோதனைக்கு அழைத்துப் போக எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று எத்தனை முறை சொன்னாலும், "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதுடா" என்பதுதான் பதில். கடைசியில் அப்பா சுவரைத் தடவி இறங்கியதை நினைவுபடுத்தினேன். ஒன்றும் பேசாமல் கிளம்பினாள். அழுத்தம் 17 என்று வந்ததும், "பார்த்தியா, நார்மல்" என்றாள். பாவையை விரித்துப் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்தேன். வலது கண்ணில் தொடக்க நிலை. புலச் சோதனையில் இன்னும் ஒரு புள்ளிகூடப் போகவில்லை, ஓசிடியில் மட்டும் நரம்பு மெலிந்திருந்தது. என் மருத்துவர் எனக்குச் சொல்ல முடியாமல் போன வாக்கியத்தை அவளுக்குச் சொன்னார்: சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள்.

அன்று இரவு பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தாள். கையில் சீசாவோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள் போல.

"டேய், மூக்குப் பக்கம் எந்த இடத்துல அழுத்தணும்னு சொன்னே?"

சொன்னேன். வைக்காமல் அப்படியே இருந்தாள். இரண்டு நிமிடமும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.